பட்டயப் பொறியியலாளர் ஆவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பொறியியல் பீடத்துக்குத் தெரிவான கடிதம் வந்ததுமே வீட்டில் "எங்கள் பிள்ளை எஞ்சினியர்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டமளிப்புப் படம் சுவரில் ஏறிய பிறகு ஊருக்கும் அதில் ஐயமில்லை. சட்டத்தின் கணக்கு வேறு. பட்டம் வாங்கியவர் பொறியியல் பட்டதாரி. ஒரு வேலைக்குத் தன் பெயரில் முழுப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடத் தகுதி பெற்றவர் பட்டயப் பொறியியலாளர். இந்த இரண்டுக்கும் நடுவில் சில ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் என்ன செய்ய வேண்டும் என்று நமது மாவட்டங்களில் யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

கல்லடியிலிருந்து பொத்துவில் வரை நல்ல பொறியியல் பட்டதாரிகள் ஏராளம். அவர்களில் பலர் பட்டம் பெற்று நீண்ட காலமாகியும் பட்டயத்துக்கு விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். திறமைக் குறைவால் அல்ல. விண்ணப்பிக்க உட்காரும்போதுதான் பழைய வேலைகளின் குறிப்புகள் கையில் இல்லை, சான்று தர வேண்டிய மேலதிகாரி இடமாற்றமாகிப் போய்விட்டார், செய்த வேலையில் வடிவமைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை என்பவை எல்லாம் தெரிய வருகின்றன. பட்டயத்துக்கான ஆயத்தத்தை முதல் வேலைத்தளத்திலேயே தொடங்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப் போவது முக்கியமாக இதைத்தான்.

முதலில் இரண்டு அமைப்புகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் என்பது தொழில்முறைச் சங்கம். 1906இல் இலங்கைப் பொறியியல் சங்கமாகத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதும், பட்டதாரியைச் சோதித்துப் பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியைக் கொடுப்பதும் இந்த நிறுவனம். கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் இருக்கிறது.

இலங்கைப் பொறியியல் பேரவை வேறு. அது 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச ஒழுங்குபடுத்தும் அமைப்பு. இந்தச் சட்டத்தின்படி நாட்டில் பொறியியல் தொழில் செய்பவர்கள் தமக்குரிய வகையில் பேரவையில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்வது குற்றம். பட்டயப் பொறியியலாளர் அதில் மேல்நிலை வகை. அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு புதிதாக வெளிவருபவர் இணைப் பொறியியலாளராகப் பதியலாம். டிப்ளோமாதாரர்களுக்கும் தொழினுட்பவியலாளர்களுக்கும் தனித்தனி வகைகள் உண்டு. ஆக, தகுதி நிறுவனத்திடம், பதிவு பேரவையிடம். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

உயர்தரத்தில் எடுக்கும் முடிவு

பல்கலைக்கழகப் பொறியியல் கற்கைநெறிக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியல் கடினம் என்று அதை விட்டுத் தகவல் தொழினுட்பத்தை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு நல்ல கற்கைநெறிகள் கிடைக்கும், பொறியியல் கிடைக்காது. இதைப் பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம் 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு பற்றியது. அதில் பொறியியல் தொழினுட்பம் என்ற பாடம் இருப்பதால் அதுவும் பொறியியல் பீடத்துக்குப் போகும் பாதை என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அந்தப் பாதையில் கிடைப்பது பொறியியல் தொழினுட்பவியல் பட்டம். மதிப்பான படிப்புத்தான், வேலையும் உண்டு. ஆனால் பட்டயப் பொறியியலாளருக்கான நேர்வழி அதுவல்ல. அதிலிருந்து வர விரும்பினால் இடையில் மேலும் படிக்க வேண்டியிருக்கும். தெரிந்துகொண்டு தெரிவு செய்யுங்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசற் புள்ளியை (Z-score) பற்றி: அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் கொடுக்கப்படுகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடக்கம். பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எங்கே படித்தீர்கள் என்பது மாவட்டத்தைத் தீர்மானிப்பதால், உயர்தரத்துக்காகக் கொழும்புக்கு மாறுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். ஊரில் நல்ல ஆசிரியர் இருக்கும்போது பிள்ளையை வேரோடு பிடுங்கி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

எந்தப் பீடம்?

பேராதனையும் மொறட்டுவையும் பழைய பீடங்கள். ருகுணுப் பல்கலைக்கழகப் பீடம் காலி ஹப்புகலையில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் இப்போது பொறியியல் பீடம் உண்டு. நமக்கு அருகில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இல்லை. வெளியூரிலிருந்து கேட்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

பீடத்தின் பெயரைவிட நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கற்கைநெறிக்கு, உங்கள் மாணவர் அணிக்கு, பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. அங்கீகாரம் பல்கலைக்கழகம் முழுவதற்கும் மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. துறைக்குத் துறை, காலத்துக்குக் காலம் பார்க்கப்படுகிறது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் காசு கட்டிப் படிக்க நினைப்பவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம்" என்ற விளம்பர வாசகம் அங்கீகாரத்துக்கு ஈடாகாது. அந்தப் பட்டம் அந்த நாட்டின் பொறியியல் அமைப்பால் ஏற்கப்பட்டதா, இங்கே நடத்தப்படும் வகுப்புக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டை ஈடு வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோர் இருக்கும் ஊர் இது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்கக் கூடாது.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அதனால் அங்கீகாரம் பெற்ற நமது நான்காண்டுப் பட்டம் அவுஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா போன்ற அங்கத்துவ நாடுகளில் கல்வித் தகுதியாக ஏற்கப்படுகிறது. கல்வித் தகுதியாக மட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே தொழில் உரிமம் பெறுவதற்கு அந்தந்த நாட்டு விதிகள் தனியாக உண்டு.

பீடம் கிடைக்காதவர்களுக்கு

கதவு மூடப்பட்டுவிடவில்லை. திறந்த பல்கலைக்கழகம் பொறியியல் பட்டம் நடத்துகிறது, மட்டக்களப்பில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஆய்வுகூட வகுப்புகளுக்கு நாவலைக்குப் போய் வர வேண்டியிருக்கும். வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு ஆண்டுகள் கூடும், குடும்பத்தின் பொறுமையும் வேண்டும். ஹோமாகம தியகமவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகம் நடத்தும் தேசியத் தொழினுட்ப டிப்ளோமா, தேசியத் தொழில் தகைமை மட்டங்கள் வழியாக ஏறும் பாதை என்பனவும் உண்டு. தொழினுட்ப உத்தியோகத்தராகத் தொடங்கிப் படிப்படியாகப் பட்டம் பெற்று வந்தவர்களைக் களத்தில் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு வாய்க்காலின் மட்டம் சரியா என்று கண்ணால் பார்த்தே ஐயப்படும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருக்கும்.

படிக்கும் காலத்துத் தொழிற்பயிற்சி

பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகத் தொழிற்பயிற்சிக் காலம் வரும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை பீடத்தோடு சேர்ந்து இடம் ஒழுங்கு செய்கிறது. இந்த இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் பலர் வீட்டுக்கு அண்மையில் ஒரு அலுவலகத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அலுவலகத்தில் அந்த மாதங்களில் என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள். வேலை நடக்காத அலுவலகத்தில் பழைய கோப்புகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு வருவதைவிட, தூரத்தில் அறை எடுத்துத் தங்கி ஒரு பாலத்தின் அத்திவாரம் போடப்படுவதைப் பார்ப்பது மேல்.

பயிற்சிக் குறிப்பேட்டை ஒப்புக்கு எழுதாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த பின் நீங்கள் எழுத வேண்டிய நாட்குறிப்புக்கான ஒத்திகை அது.

வேலை கிடைத்ததும் செய்ய வேண்டியவை

இறுதிப் பெறுபேறு வந்தவுடன் பொறியியலாளர் நிறுவனத்தில் இணை அங்கத்தவராகவும், பேரவையில் இணைப் பொறியியலாளராகவும் விண்ணப்பியுங்கள். மாணவராக இருக்கும்போதே நிறுவனத்தின் மாணவ அங்கத்துவம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுச் சந்தாவை விடாமல் கட்டுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள் நிலுவையைக் கட்டி அங்கத்துவத்தைச் சீர்செய்வதிலேயே முதல் அலைச்சலைப் பட்டிருக்கிறார்கள்.

வேலை எங்கே? நீர்ப்பாசனத் திணைக்களம், மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம், வீதி அபிவிருத்தி அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மின்சாரத்துறை, உள்ளூராட்சி மன்றங்கள், ஒப்பந்த நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள். சம்பளத்தையும் தூரத்தையும் எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு சேர்த்து "எனக்கு என்ன பொறுப்புத் தருவீர்கள்?" என்றும் கேளுங்கள். பட்டயத்துக்கான மீளாய்வில் பார்க்கப்படுவது நீங்கள் எடுத்த முடிவுகள். வடிவமைப்பு, களவேலை இரண்டிலும் அனுபவம் வேண்டும். களத்தில் மட்டும் இருப்பவர் தனது வேலைத்தளத்தின் தற்காலிகக் கட்டமைப்புகளின் கணிப்பையாவது தானே செய்து, தகுதியுள்ள ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கலாம். மேசையில் மட்டும் இருப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது களத்துக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். பில் சரிபார்க்கும் வேலையிலேயே ஆண்டுக்கணக்கில் உங்களை வைத்திருக்கும் இடமென்றால், மரியாதையாகக் கேட்டு மாறுங்கள். மாற விடாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "சைட் வேலை வேண்டாம், அலுவலகத்தில் இருந்தால் போதும்" என்று நீங்கள் அன்பால் சொல்வது பிள்ளையின் பட்டயத்தைத் தள்ளிப் போடுகிறது. களத்துக்குப் போக வாகனமும், அங்கே கழிப்பறையும், பாதுகாப்பும் கேட்பது அவளது உரிமை. அதற்காக அவளுடன் சேர்ந்து குரல் கொடுங்கள், வேலையை விடச் சொல்லாதீர்கள்.

நல்ல அனுபவத்துக்குக் கொழும்பு போகத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத இளையவர் குறைவு. உயர்ந்த மாடிக் கட்டடம் வேண்டுமென்றால் போக வேண்டும். ஆனால் நீரும் மணலும் உப்பும் சேர்ந்த பொறியியலைக் கற்க இந்தக் கரையைப் போல் இடம் கிடைப்பது கடினம்.

இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய அணை சுதந்திரத்துக்குப் பின் நாடு எடுத்த முதல் பெரிய பல்நோக்குத் திட்டத்தின் நடுநாயகம். அங்கே தேங்கும் நீர்தான் சேனாநாயக்க சமுத்திரம். அம்பாறைக் கரையோரத்து வட்டைகள் வரை அந்த நீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஒரு போகம் முழுதும் வாய்க்கால் வழியே நடந்து பார்த்தவருக்கு, நீரியல் பாடத்தின் சூத்திரங்கள் வேறு உயிர் பெறும். வயல்களின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானையுடன் பேசுங்கள். எந்தத் துருசில் நீர் கசிகிறது, எந்த வளைவில் கரை சரிகிறது, கடைமடைக்கு எந்தக் கிழமையில் தண்ணீர் வராமல் போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மாரியில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெள்ளம் வாவியில் சேர்ந்து வயல்கள் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் வாவியின் நீர்மட்டம் இறங்கும், உப்பு ஏறும், மீன்பிடிப்பவர்களின் தொழில் மாறும். எப்போது, எந்த மட்டத்தில் வெட்டுவது என்பது பொறியியல் முடிவு, மக்களின் வாழ்வும் அதில் கட்டப்பட்டிருக்கிறது. சமூகப் பொறுப்பைப் பற்றி நேர்முகத்தில் கேட்கும்போது இதைவிட நல்ல உதாரணம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

பாலங்களைப் பாருங்கள். 1924இல் திறக்கப்பட்ட கல்லடி லேடி மனிங் பாலமும், அதன் அருகே 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரும்புச் சட்டகத்தில் உப்புக் காற்று என்ன செய்யும், தூண்களை வாவிக்குள் எப்படி இறக்குவது என்று ஒரே இடத்தில் நின்று ஒப்பிடலாம். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு படகுப் பாதையை நம்பியிருந்த கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நோயாளிக்கும் மாணவருக்கும் என்ன மாறியது என்று அங்கே போய்க் கேளுங்கள். ஒலுவில் துறைமுகம் கட்டிய பின் அதன் வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. கரையோடு ஓடும் மணலை ஓரிடத்தில் மறித்தால் அடுத்த இடம் பசியோடு இருக்கும் என்ற கடலோரப் பொறியியலின் அடிப்படை, தென்னை விழுந்த காணிக்காரரின் முகத்தில் எழுதியிருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் தாங்கிய, தாங்காத கட்டடங்களும் இந்தக் கரையில் இருக்கின்றன.

நாட்குறிப்பு எழுதும் முறை

இதை நான் நீட்டியே சொல்லப் போகிறேன்.

ஒரு வயல்வெளி வீதியில் சிறிய மதகு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு நாட்குறிப்பில் பெரும்பாலானவர் எழுதுவது: "மதகின் அடித்தளக் கொங்கிறீற் போடப்பட்டது. வேலை திருப்தி." மூன்று ஆண்டு கழித்து இந்த வரியிலிருந்து ஒரு அறிக்கையை யாராலும் எழுத முடியாது. யார் போட்டார், நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள், எதை முடிவெடுத்தீர்கள் என்று ஒன்றுமில்லை.

அதே நாளை இப்படி எழுதலாம். காலை மழைத் தூறல். மணல் குவியல் நனைந்திருந்தது. விவரக்குறிப்பில் ஸ்லம்ப் (கூம்பைத் தூக்கியதும் ஈரக் கொங்கிறீற் இறங்கும் அளவு) 75 மில்லிமீற்றர், 25 கூடலாம் அல்லது குறையலாம். முதல் கலவையில் ஸ்லம்ப் கூம்பை மூன்று படையாக நிரப்பி, படைக்கு 25 குத்து குத்தித் தூக்கியபோது 130 மில்லிமீற்றர் இறங்கியது. மணலின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்கமான அளவு தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கலவையை நிராகரித்தேன். மேசன் மறுத்தார்: "சேர், இறுக்கமாக இருந்தால் கம்பிக்குள் இறங்காது." தண்ணீரைக் குறைத்து, அதிர்வூட்டியைக் கூடுதல் கவனத்தோடு பிடிக்கச் சொன்னேன். அடுத்த கலவை 85. ஆறு கொங்கிறீற் கனசதுரங்கள் எடுத்தேன், வலிமையை 7ஆம் நாளில் மூன்றிலும் 28ஆம் நாளில் மூன்றிலும் சோதிக்க. நிலத்தடி நீர் குழிக்குள் ஊறியதால் பம்பை நிறுத்தாமல் ஓட விட்டேன். கம்பிக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட மூடல் ஓரிடத்தில் குறைவாக இருந்தது, சீமெந்துக் கட்டைகளை மாற்றி வைத்த பிறகே போட அனுமதித்தேன், ஏனெனில் இது உப்பு நீர் ஏறும் இடம்.

இரண்டாவது குறிப்பில் ஒரு பொறியியலாளர் தெரிகிறார். அளவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எதிர்ப்பு இருக்கிறது, முடிவு இருக்கிறது, முடிவின் பின்விளைவும் இருக்கிறது. 28ஆம் நாள் சோதனை முடிவு வந்ததும் பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போய் அதைக் குறித்து வையுங்கள். எதிர்பார்த்த வலிமை வராவிட்டால் அதையும், அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

"நாங்கள்" என்று எழுதாமல் "நான்" என்று எழுதப் பழகுங்கள். நமது வளர்ப்பில் 'நான்' என்று சொல்வது கர்வமாகப் படும். மீளாய்வில் உங்கள் குழு என்ன செய்தது என்று கேட்கப் போவதில்லை. அதே சமயம், மற்றவர் செய்த கணிப்பை உங்களுடையதென்று எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

மாதம் ஒருமுறை மேற்பார்வை செய்யும் பட்டயப் பொறியியலாளரிடம் குறிப்பேட்டைக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் வெளியே ஒருவரைத் தேடுங்கள். திணைக்கள அலுவலகங்களில், நீர் வழங்கல் சபையில், ஒலுவில் பீடத்தில் இருக்கிறார்கள். தொலைபேசியில் அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு பக்கக் குறிப்போடு நேரில் போங்கள். இளையவர் ஒருவர் வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்டால் பெரும்பாலான மூத்தவர்கள் மகிழ்ச்சியோடு நேரம் ஒதுக்குவார்கள். விண்ணப்பத்துக்கு உங்களை முன்மொழியவும் வழிமொழியவும் அங்கத்தவர்கள் தேவை. உங்கள் வேலையை ஏற்கெனவே அறிந்தவர் கையொப்பமிடுவதுதான் முறை. கடைசிக் கிழமையில் முன்பின் தெரியாதவரிடம் படிவத்தை நீட்டுவது இருவருக்கும் சங்கடம்.

அறிக்கையும் நேர்முகமும்

எத்தனை ஆண்டு அனுபவத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது நீங்கள் வரும் வழியைப் பொறுத்து மாறும், விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. நிறுவனத்தின் நடப்பு அறிவுறுத்தல்களை முழுதாக வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். நண்பர் கொடுத்த பழைய படிவத்தை நம்ப வேண்டாம்.

தொழில்முறை மீளாய்வுக்குப் பயிற்சி, அனுபவ அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வந்த நமக்கு இங்கே ஒரு தயக்கம் உண்டு. அழகான ஆங்கிலம் தேவையில்லை, தெளிவான ஆங்கிலம் தேவை. தமிழில் யோசித்ததை நீண்ட வாக்கியமாக மாற்றாமல், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று எழுதுங்கள். வேலையில் ஒவ்வொரு கிழமையும் ஒரு கடிதத்தையாவது, ஒரு அறிக்கையையாவது நீங்களே எழுதக் கேட்டு வாங்குங்கள். எழுத்துத் திறன் இரண்டு மாதத்தில் வராது.

அறிக்கையில் பத்துத் திட்டங்களைத் தொட்டுச் செல்வதைவிட மூன்றை ஆழமாக எழுதுவது நல்லது. ஒவ்வொன்றிலும் பிரச்சினை என்ன, எந்த மாற்று வழிகளை எண்ணிப் பார்த்தீர்கள், எந்த நியமத்தின்படி கணித்தீர்கள், ஏன் இதைத் தெரிந்தீர்கள், செலவு எவ்வளவு, பாதுகாப்புக்கு என்ன செய்தீர்கள் என்பன வர வேண்டும். இதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் கேள்வியாகத் திரும்பி வரும். மதகின் அகலம் எப்படி வந்தது என்று கேட்டால் "வரைபடத்தில் இருந்தது" என்பது பதிலாகாது. மேலேயுள்ள நீரேந்து பரப்பு, மழையின் அளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைத்தீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். வடிவமைத்தவர் வேறொருவரானால் அவரிடம் போய்க் கேட்டுப் படித்துவிட்டு வாருங்கள். வடிவமைப்பு அவருடையது, நான் சரிபார்த்துப் புரிந்துகொண்டேன் என்று நேராகச் சொல்லுங்கள்.

நேர்முகத்தில் அனுபவமிக்கவர்கள் உங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், அடித்துவிடக் கூடாது. தரம் குறைந்த வேலைக்குக் கையொப்பமிடச் சொல்லி ஒப்பந்தகாரரோ அரசியல்வாதியோ அழுத்தினால் என்ன செய்வீர்கள் என்பதுபோன்ற கேள்விக்கும் ஆயத்தமாகப் போங்கள். நிறுவனத்தின் ஒழுக்கக் கோவையை முன்கூட்டியே வாசித்திருங்கள். பயிற்சிக்கு ஊரிலேயே மூன்று நான்கு பேர் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பாருங்கள். துறை வேறாக இருந்தால் இன்னும் நல்லது. மின்பொறியியலாளர் ஒருவருக்கு அணைக்கட்டை விளக்க முடிந்தால் உங்களுக்கு அது புரிந்திருக்கிறது என்று பொருள்.

முதல் முறை சித்தியடையாவிட்டால் குறையாகச் சொல்லப்பட்டதை அன்றே எழுதி வைத்து, அந்தக் குறையை நிரப்பும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். வடிவமைப்பு அனுபவம் போதாதென்றால் மீண்டும் அறிக்கையை மெருகூட்டுவதில் பயனில்லை, வடிவமைப்புத்தான் செய்ய வேண்டும்.

பட்டயம் கிடைத்த பின்

தகுதி கிடைத்ததும் பேரவையில் உங்கள் பதிவைப் பட்டயப் பொறியியலாளர் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தானாக மாறாது. தொடர் தொழில்முறை விருத்திக்காகக் கலந்துகொள்ளும் கருத்தரங்கு, பயிற்சி ஒவ்வொன்றின் சான்றையும் சேர்த்து வையுங்கள்.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள் நம் ஊர்களில் அதிகம். சவூதியில் பொறியியலாளராக வேலை செய்ய அந்நாட்டுப் பொறியியலாளர் பேரவையில் பதிய வேண்டும். மற்ற நாடுகளிலும் தத்தம் நடைமுறைகள் உண்டு. சர்வதேசத் தொழில்முறைப் பொறியியலாளர் உடன்படிக்கையிலும் நமது நிறுவனம் பங்கேற்பதால், பட்டயத்தின் பின் அந்தப் பதிவேட்டில் சேரவும் விண்ணப்பிக்கலாம். எங்கு போவதானாலும் கேட்கப்படும் முதற் காகிதம் அனுபவச் சான்றிதழ். ஒரு வேலையை விடும் கடைசிக் கிழமையிலேயே அதை வாங்கிவிடுங்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பதவி, செய்த பணிகள், திட்டத்தின் பெயர், கையொப்பமிடுபவரின் பதவி எல்லாம் நிறுவனக் கடிதத்தாளில் இருக்க வேண்டும். சிறிய ஒப்பந்த நிறுவனங்கள் ஒரு திட்டம் முடிந்ததும் மூடப்பட்டுவிடுவதுண்டு. பிறகு அந்த ஆண்டுகளுக்குச் சாட்சி சொல்ல உங்கள் நாட்குறிப்பும் அந்த ஒரு தாளும் மட்டுமே இருக்கும்.